பாலத்தின் மேல் விழுந்த கொரிய வீடு: டோ ஹோ சுவின் ‘பிரிட்ஜிங் ஹோம்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் வங்கிப் பகுதியில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள ஒரு நடைபாலத்தின் மேல் ஓட்டுக்கூரை போட்ட கொரிய மரவீடு ஒன்று சாய்ந்து கிடக்கும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். அதைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்குப் பதில்கள் இங்கே.

அது போட்டோஷாப் வேலையா, நிஜமான வீடா?

நிஜம்தான். படைப்பின் பெயர் ‘பிரிட்ஜிங் ஹோம், லண்டன்’. 2018 செப்டம்பரில் வர்ம்வுட் தெருவின் நடைபாலத்தில் வைத்தார்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ‘ஆர்ட் நைட்’, ‘ஸ்கல்ப்சர் இன் தி சிட்டி’ என்ற இரண்டு கலை அமைப்புகள் சேர்ந்து இதைச் செய்ய வைத்தன. குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு இல்லை, சிற்பம். ஆனால் கூரை, சன்னல், சுவர் எல்லாம் ஒரு வீட்டுக்குரிய அளவில் இருந்தன. வீட்டைச் சுற்றி மூங்கில் தோட்டமும் உண்டு. தோட்டத்தோடு பிய்த்துக்கொண்டு வந்து விழுந்த மாதிரி.

செய்தவர் யார்?

டோ ஹோ சு. 1962-இல் சியோலில் பிறந்தவர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கீழைத்தேய ஓவியம் படித்தார். 1991-இல் அமெரிக்கா போய், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஓவியம் படித்தார்; அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பத்தில் முதுகலை முடித்தார். 2001-இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் கொரியாவின் சார்பில் பங்கேற்றார். பல வருடங்களாக லண்டன்வாசி.

இவருடைய அப்பா சு சே-ஓக் (1929–2020), மை ஓவியத்தில் கொரியா முழுக்கத் தெரிந்த பெயர். அப்பாவை இங்கே குறிப்பிடுவது குடும்பப் பெருமைக்காக இல்லை. பாலத்தில் கிடந்த வீட்டின் மூலவீட்டைக் கட்டியவரே அவர்தான்.

அது என்ன மூலவீடு?

1970-களில் சியோல் நகரம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். மரவீடு என்றால் குளிர், செலவு, பழம்பஞ்சாங்கம் என்று பலரும் நினைத்த காலம் அது. அந்த நேரத்தில் சு சே-ஓக், நகரின் வடக்கில் மலைச்சரிவில் இருக்கும் சோங்புக்-டோங் பகுதியில், புதிதாக ஒரு ‘ஹனோக்’ கட்டினார். கொரியாவின் மரபான மரவீட்டுக்கு ஹனோக் என்று பெயர்.

அதற்கு முன்மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது சாங்டியோக்குங் அரண்மனையின் பின்தோட்டத்தில் உள்ள யோன்கியோங்டாங் என்ற வீட்டை. 1828-இல் கட்டப்பட்டது. அரண்மனைக்குள் இருந்தாலும், அறிஞர் குடும்பத்து வீடு போலவே அமைத்தார்கள். மற்ற அரண்மனைக் கட்டடங்களில் உத்தரம், கைமரம் எல்லாம் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும்; இதில் வண்ணமே கிடையாது, வெறும் மரம். அரச குடும்பத்தார் சாதாரணக் கனவான்களின் வீடு எப்படி இருக்கும் என்று வாழ்ந்து பார்க்க வைத்துக்கொண்ட வீடு என்றும் சொல்லலாம்.

ஆக, ஒரு படிநிலை இருக்கிறது. அரசன் கனவான் வீட்டைப் பார்த்துக் கட்டினான். ஓவியர் அந்த அரசன் வீட்டைப் பார்த்துத் தனக்கொன்று கட்டினார். மகன் அப்பாவின் வீட்டைப் பார்த்து லண்டனில் ஒன்றை வைத்தார். ‘அசல்’ எது என்று தேடிப் போனால் பிடிபடாது. இந்தப் படைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் “கலைஞரின் பால்யகால வீடு” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்தப் பால்யகால வீடே ஒரு பிரதி, அதுவும் காலத்தோடு மல்லுக்கு நின்று கட்டிய பிரதி. எனக்கு இதுதான் சுவாரசியமாகப் படுகிறது.

ஹனோக்கில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். சாம்பல் நிறத்து மண் ஓடுகள், ‘கீவா’ என்பார்கள். கவிழ்ந்த ஓடும் மல்லாந்த ஓடும் மாறி மாறி வரும். ஓட்டுக்கு அடியில் கனமாக மண் போட்டிருப்பார்கள். இந்தப் பாரம் வீணில்லை: மேலிருந்து அழுத்துவதால்தான் கீழே தூணும் உத்தரமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. சட்டகத்தில் ஆணிக்கு அநேகமாக வேலையில்லை. மரத்தை மரத்தில் பொருத்திச் செய்த இணைப்புகள்தான். தூண்கள் மண்ணில் புதைந்திருக்காது, கல்லின் மேல் சும்மா நிற்கும்.

இறவாரம் நீளமாக வெளியே வந்து, மூலைகளில் லேசாக மேலே தூக்கியிருக்கும். அழகுக்காக மட்டும் இல்லை. கோடையில் உச்சி வெயிலை மறைக்கவும், பனிக்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலை உள்ளே விடவும் கணக்குப் பார்த்து வைத்த நீளம்.

சன்னல்களில் மெல்லிய மரச்சட்டப் பின்னல் இருக்கும். அதன் மேல் மல்பெரிப் பட்டையிலிருந்து செய்யும் ‘ஹன்ஜி’ காகிதத்தை ஒட்டுவார்கள். இங்கே ஒரு சின்ன அடையாளம்: கொரியாவில் காகிதத்தை உள்பக்கமாக ஒட்டுவார்கள். அதனால் தெருவிலிருந்து பார்க்கும்போது சட்டப் பின்னல் முழுசாகத் தெரியும். ஜப்பானில் வெளிப்பக்கம் ஒட்டுவது வழக்கம். ஒரு படத்தைக் காட்டி இது கொரிய வீடா ஜப்பானிய வீடா என்று யாராவது கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

தரையில் இரண்டு வகை. பலகை போட்ட ‘மாரு’ கோடைக்கு. காற்று அடியில் ஓடும். அறையின் விளிம்பில் வெளியே நீண்டிருக்கும் பலகையை நம் திண்ணை என்றே வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்து பேசுவது உட்பட. இன்னொன்று ‘ஒண்டோல்’. அடுப்பில் எரியும் நெருப்பின் சூட்டையும் புகையையும் கற்பலகைத் தளத்துக்கு அடியில் ஓடவிட்டு, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேற்றுவார்கள். தரையே கதகதவென்று இருக்கும். கொரியர்கள் தரையில் உட்கார்ந்து, தரையில் படுத்து வாழ்ந்ததற்கு இது பெரிய காரணம். இன்றைய சியோல் அடுக்குமாடிகளிலும் தரையைச் சூடாக்கும் வழக்கம் தொடர்கிறது. நெருப்புக்குப் பதில் சுடுநீர்க் குழாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு கனமான வீட்டைத் தூக்கி வேறு ஊரில் வைக்க முடியுமா?

கழற்றினால் முடியும். பொருத்துகளால் நிற்கும் சட்டகம் என்பதால், ஓடு இறக்கி, மரங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு இடத்தில் திரும்பப் பூட்டலாம். சியோலின் நம்சான் மலையடிவாரத்தில் 1998-இல் திறந்த ஹனோக் கிராமத்தில் ஐந்து வீடுகள் உள்ளன. அவற்றில் நான்கு நகரத்தின் வேறு வேறு இடங்களிலிருந்து அப்படி வந்தவை. ஐந்தாவதின் மரம் ரொம்பவும் இற்றுப்போயிருந்ததால் அதே மாதிரி புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

டோ ஹோ சு தன் வேலைகளில் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வது இந்தக் குணத்தைத்தான். வீடு என்பது மனையோடு ஒட்டியது என்று நாம் நினைக்கிறோம். ஹனோக் அப்படி இல்லை.

சரி, அது ஏன் சாய்ந்து கிடக்கிறது?

இதற்குப் பின்னால் அவரே சொல்லும் ஒரு கற்பனைக் கதை உண்டு. சியோல் வீட்டை ஒரு சூறாவளி தூக்கிக்கொண்டு பசிபிக் கடலைத் தாண்டிப் போகிறது. அமெரிக்காவில் அவர் முதன்முதலில் குடியிருந்த பிராவிடன்ஸ் வீட்டின் மேல் கொண்டுபோய் மோதுகிறது. 2008-இல் செய்த ‘ஃபாலன் ஸ்டார் 1/5’ படைப்பில் இதை ஐந்தில் ஒரு பங்கு அளவில் காட்டினார். மாடிகளோடு நிற்கும் அமெரிக்க வீட்டின் சுவரை இடித்துக்கொண்டு ஹனோக் செருகியிருக்கிறது. அதன் பின்னால் ஒரு பாராசூட் தொங்குகிறது. அமெரிக்க வீட்டைக் குறுக்கே வெட்டித் திறந்து வைத்திருப்பதால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். தட்டுமுட்டுச் சாமான்கள் வரை குட்டி குட்டியாகச் செய்து அடுக்கியிருக்கிறார்.

அந்தப் பாராசூட்டை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாராசூட் இருந்தும் மோதல் நடந்துவிட்டது. முன்னேற்பாடு எல்லாம் செய்துகொண்டுதான் விமானம் ஏறுகிறோம். போய் இறங்குவது கோணலாகத்தான் இறங்குகிறோம். லண்டன் பாலத்து வீடு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நேராக நிமிர்த்தி வைத்திருந்தால் அது ஒரு சுற்றுலாத் துறை அரங்காகிப் போயிருக்கும். சாய்வு இருப்பதால்தான் அது வந்த கதை தெரிகிறது.

லண்டனில் எத்தனையோ பூங்கா இருக்க, ஒரு நடைபாலத்தில் ஏன்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் பாதிதான் புரியும்.

முதலில் பாலம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையான ‘சிட்டி’யை, அதாவது லண்டனின் இந்த வங்கிப் பகுதியை, திரும்பக் கட்டும்போது, கார்களுக்குக் கீழே தெரு, மனிதர்களுக்கு மேலே நடைபாதை என்று பிரித்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் மேலேயே நடந்து போகலாம் என்பது கனவு. அங்கங்கே கட்டினார்கள், பிறகு கைவிட்டார்கள். வர்ம்வுட் தெருப் பாலம் அந்தத் திட்டத்தின் மிச்சம். எங்கும் சரியாகப் போய்ச் சேராத பாலம். அங்கே வந்து விழுந்தது எங்கிருந்தோ கிளம்பி வந்த வீடு.

அடுத்து தெரு. அந்த இடத்தை ஒட்டித்தான் ரோமானியர் காலத்து நகரமதில் ஓடியது. வர்ம்வுட் தெருவும் பிஷப்ஸ்கேட்டும் சந்திக்கும் இடத்தில் நகரத்தின் வாசல் ஒன்று இருந்தது, 1760-இல் இடித்துவிட்டார்கள். இன்று அந்த முனையில், ஒரு கட்டடத்தின் உயரத்தில், பிஷப்பின் கூம்புத் தொப்பி வடிவில் ஒரு கல் பதித்திருக்கிறது. எதிரே 46 மாடி ஹெரோன் டவர் நிற்கும்போது அந்தக் கல்லை யார் கவனிக்கப் போகிறார்கள்! ஆனால் விஷயம் இதுதான்: ஊருக்கு வெளியே இருந்து வருகிறவன் உள்ளே நுழைந்த வாசல் அது. பாலத்து வீடு கிடந்தது அதன் பக்கத்தில்.

மூன்றாவது, அக்கம்பக்கம். அங்கிருந்து கிழக்கே கால்மணி நேரம் நடந்தால் பிரிக் லேன். அந்தத் தெருவில் ஒரு கட்டடம்: 1743-இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகநாட் புராட்டஸ்டண்டுகள் தேவாலயமாகக் கட்டினார்கள். பின்னால் மெதடிஸ்ட் சபைக்குப் போனது. 1898-இல் யூதர்களின் ஜெபாலயமாயிற்று. 1976-இல் வங்காளதேச மக்கள் அதை மசூதியாக்கினார்கள். சுவர் அதே சுவர்தான். வந்தேறிகளால் அடுக்கடுக்காக உருவான அந்தக் கிழக்கு லண்டனும், பணம் புரளும் சிட்டியும் உரசும் விளிம்பில்தான் இந்தப் பாலம் இருக்கிறது. படைப்பு இந்தக் குடியேற்ற வரலாற்றை மனதில் வைத்தே அங்கு வைக்கப்பட்டது.

இன்னொரு காரணம் நானாகச் சொல்வது. பூங்காவில் சிற்பம் பார்க்க வருகிறவர்கள் சிற்பம் பார்க்கத் தயாராகத்தான் வருவார்கள். இங்கே ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று காபிக் கோப்பையோடு ஓடுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். டிக்கெட் கிடையாது, விளக்கப் பலகையைப் படித்துவிட்டுத்தான் ரசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இதற்கு முன்பும் இப்படி ஒன்றைச் செய்தாராமே?

ஆமாம். 2010 லிவர்பூல் பினாலேவுக்காக, டியூக் தெருவில் இரண்டு பழைய கட்டடங்களுக்கு நடுவே இருந்த காலி இடைவெளியில் ஒரு ஹனோக்கைத் தரையிலிருந்து உயரத்தில் செருகி வைத்தார். அதுவும் சாய்வுதான். லிவர்பூல் துறைமுக நகரம். ஐரோப்பாவின் மிகப் பழைய சீனக் குடியிருப்பு அங்கேதான், அதுவும் டியூக் தெருவுக்கு அருகிலேயே. அந்த வகையில் இடம் பொருத்தம். இருந்தாலும் எனக்கு லண்டனுடையதே பிடிக்கும். லிவர்பூல் வீட்டுக்கு இருபுறமும் தாங்கிக்கொள்ளச் சுவர் இருந்தது. லண்டன் வீடு அந்தரத்தில் கிடந்தது.

இவர் துணியில் வீடு செய்பவர் இல்லையா?

அவரேதான். அவரை உலகத்துக்குத் தெரியவைத்ததே துணி வீடுகள்தான். முதலாவது 1999-இல் செய்த ‘சியோல் ஹோம்’. சோங்புக்-டோங் ஹனோக்கை அங்குலம் அங்குலமாக அளந்து, செலடன் பீங்கானின் இளம்பச்சை நிறப் பட்டில் தைத்தது. சுமார் 6 மீட்டர் நீள அகலம், 3.8 மீட்டர் உயரம். அதைக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள்; தரையைத் தொடாது. நீங்கள் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். சன்னலின் சட்டப் பின்னல் ஒவ்வொன்றும் தையலாக ஓடும், கதவு, உத்தரம் எல்லாம் பட்டின் வழியாக நிழல் மாதிரி தெரியும்.

முதலில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கொரியப் பண்பாட்டு மையத்தில் காட்டினார். அப்புறம் நியூயார்க், பால்டிமோர், லண்டன், சியாட்டில் என்று போகப் போக, ஒவ்வொரு ஊர்ப் பெயரும் படைப்பின் தலைப்போடு சேர்ந்துகொண்டே வந்தது. ரயில் பெட்டி போல நீளும் தலைப்பு. மடித்துப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் துணியின் சௌகரியம்.

2013-இல் சியோலில் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடம் திறந்தபோது இன்னும் பெரிதாக ஒன்று: பிராவிடன்ஸின் மூன்று மாடி வீட்டை முழு அளவில், 12 மீட்டர் உயரத்துக்கு, நீலத் துணியில் தைத்து, அதன் வயிற்றுக்குள் ஹனோக்கைத் தொங்கவிட்டார். தலைப்பில் ‘ஹோம்’ என்ற சொல் ஐந்து முறை வரும். ஹனோக் அமெரிக்க வீட்டுக்குள், அது அருங்காட்சியகத்துக்குள், அது சியோலுக்குள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

துணி, மரம் தவிர வேறு முறை?

காகிதம். ‘ரப்பிங்/லவிங்: சியோல் ஹோம்’. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்போமே, அதையே ஒரு வீட்டுக்குச் செய்தார். அப்பாவின் ஹனோக் முழுவதையும் மல்பெரிக் காகிதத்தால் சுற்றி, கிராஃபைட்டால் தேய்த்து, மரத்தின் ரேகை, ஓட்டின் விளிம்பு எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்தார். காகிதம் மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் வீட்டின் மேலேயே இருந்தது, அதனால் கறையும் சுருக்கமும் படைப்பின் பகுதியாகிவிட்டன. 2025-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த ‘வாக் தி ஹவுஸ்’ கண்காட்சியில் இதை வைத்தார்கள்.

இது வெறும் ஊர் ஏக்கம்தானே?

ஏக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. ஊரை நினைத்து உருகுகிறவர் வீட்டை அழகாக, முற்றத்தோடு, மாலை வெயிலோடு காட்டுவார். இவர் வீட்டை மோதவிடுகிறார், இடுக்கில் செருகுகிறார், பாலத்தில் கவிழ்க்கிறார். வந்த வீடு இடம் கேட்கிறது. அந்த ஊர் இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. அந்தச் சங்கடம்தான் காட்சி. இன்னும் ஒன்று, மோதல் இரண்டு பக்கமும்தான். வீடும் சாய்கிறது, அந்தத் தெருவும் பழைய தெருவாக இல்லை.

குறையே இல்லையா?

எனக்கு அந்த மூங்கில் தோட்டத்தில் கொஞ்சம் தயக்கம் உண்டு. தூரத்திலிருந்து பார்க்கையில் மூங்கிலும் வளைகூரையும் சேர்ந்து, ‘கிழக்கத்திய’ உணவகத்தின் முகப்பு போலத் தோன்றிவிடும் ஆபத்து இருந்தது. கொரியா, சீனா, ஜப்பான் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும் கண்ணுக்கு அது தீனி போட்டிருக்கும். அருகில் போனால் ஓட்டின் வரிசையும் சன்னல் பின்னலும் அந்த எண்ணத்தைத் திருத்திவிடும். எத்தனை பேர் அருகில் போனார்கள் என்பது வேறு கதை.

பழைய கொரிய ஓவியர்கள் நகரத்துக் கட்டடங்களை வரைந்தார்களா?

வரைந்தார்கள், பிரமாதமாக. 1820-களின் கடைசியில் வரைந்த ‘டோங்க்வோல்டோ’ என்ற ஓவியத்தில் சாங்டியோக்குங்கும் பக்கத்து அரண்மனையான சாங்கியோங்குங்கும் முழுசாக, பறவைக் கண்ணில் பார்ப்பது போல விரிகின்றன. விரித்தால் ஐந்தரை மீட்டருக்கு மேல் அகலம். கட்டடத்துக்குக் கட்டடம் பெயர் எழுதியிருக்கும். மரங்களைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்கள், ஆனால் ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டு பிரதிகள் இருக்கின்றன: சியோலில் கொரியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும், பூசானில் டோங்-ஆ பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும். அரண்மனைகளைப் புதுப்பிக்கும் நிபுணர்களுக்கு இன்றும் இதுதான் வரைபடம்.

சியோலிலேயே ஹனோக் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம். தென்கொரியக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்போது அடுக்குமாடிகளில்தான். மிஞ்சியவற்றில் பிரபலம் புக்சோன். கொரியத் தொடர் பார்ப்பவர்களுக்கு அந்தச் சரிவுத் தெரு பழக்கமாகியிருக்கும். அங்குள்ள வீடுகள் அரசர் காலத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அநேகம் 1920, 30-களில் வந்தவை. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சோங் சே-க்வோன் என்ற கட்டட முதலாளி பெரிய மனைகளை வாங்கிப் பிரித்து, சின்னச் சின்ன ஹனோக்குகளாக வரிசையாகக் கட்டிக் கொரியக் குடும்பங்களுக்கு விற்றார். சியோலின் இன்னொரு பகுதியான இக்சோன்-டோங்கிலும் அவர் கைவேலை உண்டு. கண்ணாடிக் கதவு, தகர நீர்த்தாரை எல்லாம் சேர்த்த நகரத்து ஹனோக் அது. மரபு என்று நாம் போட்டோ எடுப்பது, அந்தக் காலத்தின் ரியல் எஸ்டேட்!

இப்போது எங்கே போய்ப் பார்ப்பது?

லண்டன் பாலத்து வீடு தற்காலிகமாகத்தான் வைக்கப்பட்டது; அதைப் பார்க்க என்று டிக்கெட் எடுக்காதீர்கள். ‘சியோல் ஹோம்’ போன்றவை கண்காட்சிக்குக் கண்காட்சி ஊர் மாறும். சோங்புக்-டோங் வீடு குடும்பத்தாரின் சொந்த இடம், கதவைத் தட்டப் போக வேண்டாம்.

மூலத்துக்கு மூலமான யோன்கியோங்டாங்கைப் பார்க்கலாம். சாங்டியோக்குங் நுழைவுச்சீட்டு மட்டும் போதாது, பின்தோட்டத்துக்குத் தனிச்சீட்டு வேண்டும். ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணித்தான் விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து புக்சோன் நடக்கும் தூரம்தான். ஆனால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் தாங்காமல், முக்கியத் தெருப் பகுதியில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பயணிகளுக்கு அனுமதி என்று ஆக்கிவிட்டார்கள். 2025 மார்ச் முதல், நேரம் தவறிச் சுற்றினால் 1 லட்சம் வொன் அபராதம்.